தோளில் இருந்த விரல்கள்

பழைய போட்டோ ஒன்றிலிருந்து, கூட வேலை செய்யும் நெட்டையின் சிரித்த முகத்தைத் தோளோடு வெட்டி, பக்கத்தில் பச்சைப் பாம்பை ஒட்டி, ‘கூட இருந்தே குழி பறிச்சவன்’ என்று எழுதி ஸ்டிக்கர் ஆக்கியது மெக்கானிக்தான். லிஃப்ட் கம்பெனி ஆட்களின் வாட்ஸ்அப் க்ரூப்பில் போட்டான். ஆளாளுக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எட்டுப் பேரும் சேர்ந்து வேலையை நிறுத்துவதாக ரகசியமாய்ப் பேசி வைத்திருந்தார்கள். அது மேனேஜர் காதுக்குப் போய்விட்டது. மேனேஜர் தோளைத் தட்டி இரண்டு நல்ல வார்த்தை சொன்னதும் எல்லாவற்றையும் கக்கியவன் மெக்கானிக். மாட்டிக்கொள்வோமோ என்று பயந்துதான் முந்திக்கொண்டு பழியை நெட்டைமேல் போட்டான்.

லிஃப்ட் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவன் கூண்டின் மேல் நிற்பான். இன்னொருவன் மொட்டைமாடி அறையில் சுவிட்சருகே. கீழிருந்து “போடு” என்று குரல் வந்தால்தான் கரண்ட். இத்தனை வருடம் நெட்டைக்கு ஜோடி மெக்கானிக்தான். இப்போது அவனும் ஒதுங்கிக்கொண்டான். “பாம்புகூட எவன் நிப்பான்?” என்றார்கள் மற்றவர்கள். நெட்டை தனியாக ஏறினான். மூன்றாம் வாரம் தனியாகவே விழுந்து செத்தான்.

ஸ்டிக்கர் சாகவில்லை. நெட்டை யாரென்றே தெரியாதவர்கள் எல்லாம் அனுப்பினார்கள். மெக்கானிக் அழித்தால், மறுநாள் மச்சானிடமிருந்து வந்து பல்லைக் காட்டியது. சுவிட்சருகே நிற்கையில் யார் “போடு” என்றாலும் நெட்டையின் குரலாகவே கேட்டது. கை எழவில்லை.

ஒரு சாயங்காலம் மகள் போனை நீட்டினாள்.

“என் ஃப்ரெண்டு என்னைக் கலாய்ச்சு இந்த ஸ்டிக்கரை அனுப்பியிருக்காப்பா. இதுல பாருங்க, தோள்மேல யாரோ கை போட்டிருக்காங்க. ஆளைக் காணோம், விரல் மட்டும் இருக்கு.”

அவசரத்தில் தன்னை வெட்டி எறிந்தவன் விரல்களை விட்டிருந்தான். நெட்டையின் முகத்தைப் பார்க்கப் பயந்து இத்தனை நாள் தோளைப் பார்க்கவே இல்லை.

“அந்த நசுங்கின நகம் உங்களோடது மாதிரியே இருக்கு.”

பொய் நாக்கு நுனிவரை வந்தது.

“என் கைதாம்மா.”

“அப்ப இந்த அங்கிள் உங்க ஃப்ரெண்டா?”

தன் போனை எடுத்தான். வெட்டாத பழைய போட்டோவைத் தேடிக் கம்பெனி க்ரூப்பில் போட்டான். கீழே எழுதினான்: ‘மேனேஜர்கிட்ட போட்டுக்கொடுத்தது நான். நெட்டை இல்ல.’

எல்லோரும் பார்த்துவிட்டார்கள். பிறகு ஒருவன் அவனுக்குப் பதில் அனுப்பினான்.

நெட்டையின் ஸ்டிக்கர்.