ஓசி பஸ்ஸில் மூன்று பேர்

காசு செலவில்லாமல் புருஷன் பெண்டாட்டி பொழுது கழிக்கப் பத்து வழிகள் என்று போன் வீடியோவில் ஒரு பெண் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். மொட்டைமாடியில் உட்கார்ந்து நிலா பாருங்களாம். எங்கள் வீட்டுக்குக் கூரை சிமெண்ட் ஷீட். ஏறி உட்கார்ந்தால் நேரே மாமியார் மடியில்தான் விழ வேண்டும். சேர்ந்து சமையுங்களாம். அடுப்படி, படுக்கை, சாமி படம் எல்லாம் ஒரே அறை. அதற்குள் நான், அவர், மாமியார், கொழுந்தன். எரிச்சலில் போனை அணைத்தேன்.

எனக்கு நிலாவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். என் வீட்டுக்காரர் முனியராஜிடம் தனியாக ஒரே ஒரு விஷயம் பேச வேண்டும். நாங்கள் இருவரும் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். நான் பேக்கிங். அவரைத் திங்கட்கிழமையிலிருந்து வெடிமருந்து கலக்கும் ரூமுக்கு வரச் சொல்லியிருக்கிறார் ஃபோர்மேன். அங்கே ஏதாவது ஆனால் ஆள் மிஞ்சாது என்று எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போகாதீர்கள் என்று சொல்ல வேண்டும். வீட்டில் எப்படிச் சொல்வது? மகனுக்குக் கூலி கூடுகிறது என்று மாமியார் சண்முகத்தாய் தெருவெல்லாம் சொல்லிப் பூரித்துப் போயிருக்கிறார். நான் வாயைத் திறந்தால் மருமகளுக்குப் பொறுக்கவில்லை என்பார்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆனைக்குட்டம் அணைக்குப் போகலாம் என்றேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், அவருக்கு மட்டும் டிக்கெட் எடுத்தால் போதும். இதைவிட மலிவாக யார் ஊர் சுற்ற முடியும்? செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து குரல்.

“ஏத்தா, எனக்கும் ஓசி பஸ்தானே? நானும் வாரேன். தூக்குவாளில புளிச்சோறு வச்சிட்டேன்.”

மறுத்து ஒரு வார்த்தை சொல்வாரா என்று அவரைப் பார்த்தேன். “வாம்மா” என்றார். பஸ்ஸில் நானும் மாமியாரும் ஒரே சீட்டில். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆண்கள் கூட்டத்தில். நல்ல டேட்டிங்!

அணையில் தண்ணீர் பாதிதான் கிடந்தது. மாமியார் வேப்பமரத்தடியில் தூக்குவாளியைத் திறந்ததும், கரையில் கொஞ்ச தூரம் என் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு போனேன். உட்கார்ந்தார், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கம்பெனியில் ஒவ்வொரு ரூமுக்கும் நாலு பக்கமும் வாசல், ஆளுக்கு ஒன்று. பொறி தட்டினால் ஓட வேண்டும் என்று வெளியே பார்த்துத்தான் உட்காருவார்கள். அணைக்கரையிலும் அப்படியே உட்கார்ந்துவிட்டார் மனுஷன்.

“இங்கன என்ன வெடிக்கப் போகுது? இந்தப் பக்கம் திரும்புங்க.”

திரும்பினார்.

“மருந்து ரூமுக்குப் போகாதீக” என்றேன்.

“நேத்தே சரின்னுட்டேன் பானு.” குச்சியால் மண்ணைக் கீறினார். “கூடுற கூலிக்கு நமக்குன்னு தனியா ஒரு ரூம் பிடிச்சிரலாம். நீயும் எம்புட்டு நாளைக்கு வாயை மூடிக்கிட்டு இருப்ப?”

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம் பேசத்தான் உயிரைப் பணயம் வைக்கிறாராம்!

“நீங்க இல்லாமப் போனா அந்தத் தனி ரூம்ல நான் யார்கூடப் பேச? செவுத்துகூடவா?” என்று கத்திவிட்டேன்.

மாமியார் சோற்றுக் கையோடு எழுந்து வந்தார். “என்னலே சத்தம்? எந்த ரூமு?”

“மருந்து கலக்குற ரூமு அத்தே” என்றேன் நான்.

மாமியாரின் முகம் வெளுத்துவிட்டது. “லோடு ஏத்துற இடத்துல சூப்பர்வைசர்னுல்ல எங்கிட்டச் சொன்னான்?”

மாமியாருக்குத் தெரியாது என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. புளிச்சோறு ஒட்டிய கையாலேயே மகனின் மணிக்கட்டைப் பிடித்தார்.

“நாளைக்குக் கம்பெனி கேட்டுக்கு நான் வாரேன்லே. அந்த ஃபோர்மேன் என் முன்னால உன்னைக் கூப்பிடட்டும், பாப்போம்.”

“அசிங்கமாப் போகும்மா.”

“போகட்டும்.”

குச்சியைத் தூர எறிந்துவிட்டு, “சரி, போகல” என்றார் என் வீட்டுக்காரர். அப்புறமும் மணிக்கட்டை விடவில்லை மாமியார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாமியாரை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இருவர் மட்டும் வந்திருந்தால், என் புருஷன் நாளைக் காலையில் அந்த ரூமுக்குள் போயிருப்பார். அதை நினைக்க நினைக்க, எனக்கு இன்னும் எரிச்சலாகத்தான் வந்தது.