சுவரைத் தாண்டாத மணி

பழவேற்காட்டில் இனாயத்துல்லாவின் வீட்டுச் சுவர்கள் இரண்டு முழம் தடிமன். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய வியாபாரி வீடு. முன்னறையில் ஒருவர் கத்தினாலும் முற்றத்துக்கு அப்பால் இருக்கும் அடுப்படிக்குக் கேட்காது.

எண்பத்து மூன்றாம் வருஷம் அவருக்கு முதல் தடவை நெஞ்சுவலி வந்தபோது அதுதான் நடந்தது. மனைவி நூருன்னிசா அடுப்படியில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். அவர் கூப்பிட்டது அவள் காதில் விழவே இல்லை. பக்கத்து வீட்டு ஆபிரகாம் ஏதோ வேலையாக வந்து எட்டிப் பார்த்ததால் பிழைத்தார்.

"கட்டிலை அடுப்படித் தாழ்வாரத்துல போட்டுடலாங்க" என்று நூருன்னிசா கெஞ்சினாள்.

"இறால் ஏஜெண்டுங்க என்னைத் தேடி வர்றது முன்னறைக்கு. அடுப்பு பக்கத்துல படுத்துக்கினு வியாபாரம் பேசச் சொல்றியா?"

முன்னறையிலிருந்து அமுக்கினால் அடுப்படியில் அடிக்கிற மாதிரி மணி வைக்க எலக்ட்ரீஷியன் வரதன் வந்தான். சுவரில் துளை போடத் தொடங்கியதும் சுண்ணாம்பு கட்டி கட்டியாகப் பெயர்ந்து விழுந்தது. "இதுக்கு மேல கை வச்சா சுவரே வந்துடும்மா" என்று நிறுத்திவிட்டான். வெளியே சுற்றி இழுத்த கம்பியை ஒரே மழைக்காலத்தில் உப்புக்காற்று அரித்தது. கரண்டும் பாதி நாள் இருக்காது.

மறு வருஷம் சிங்கப்பூரிலிருந்து வந்த அவள் தம்பி உமர் ஒரு பெட்டியை நீட்டினான். உள்ளே ஒரு பொத்தானும் ஒரு சின்ன மணியும். "கம்பியே வேணாம்க்கா. மச்சான் இதை அமுக்கினா அது உன் பக்கத்துல அடிக்கும். ரெண்டுமே பேட்டரி."

மணி முற்றத்தில் அடித்தது. அடுப்படிக்குள் கொண்டுபோனால் ஊமையாகிவிட்டது. நூருன்னிசா அதைக் கையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் நடந்தாள். அம்மிமேல் வைத்தாள், பரண்மேல் வைத்தாள். கடைசியில் அடுப்படியில் முற்றத்தைப் பார்த்த ஜன்னல் விளிம்பில் அடித்தது. முன்னறை ஜன்னலும் திறந்திருந்தால் மட்டும்தான். அதுவும் சில நாள் அடிக்கும், சில நாள் அடிக்காது.

உமர் சிங்கப்பூருக்குத் திரும்பிய பிறகு அவள் வெகுநேரம் யோசித்தாள். பிறகு கணவரிடம் சொன்னாள்:

"வலிச்சா அமுக்காதீங்க. வலிக்காதப்ப அமுக்குங்க. உலை ஒரு கொதி வர்றதுக்குள்ள ஒரு தரம். சத்தம் வந்தா நீங்க நல்லா இருக்கீங்கன்னு அர்த்தம். வரலேன்னா நான் ஓடி வந்துடுவேன்."

"இன்னா பைத்தியக்காரத்தனம் இது?" என்றார். ஆனாலும் அமுக்கினார்.

மணி ஏமாற்றிய நாட்களில் அவள் கரண்டியும் கையுமாக ஓடிவருவாள். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் ஏஜெண்டுகள் எதிரில் அப்படி வந்து நின்றபோது அவர் முகம் சிவந்துவிட்டது. "இனிமே சும்மா சும்மா ஓடி வராதே. மானம் போவுது" என்று எரிந்து விழுந்தார்.

அந்த ஐப்பசியில் இரண்டு நாளாக விடாத மழை. ஒரு படகும் ஏரியில் இறங்கவில்லை. மதியம் நூருன்னிசா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். சாரல் அடித்தாலும் ஜன்னலை மூடவில்லை. மணி அடித்தது. அடுத்த முறையும் அடித்தது.

பிறகு அடிக்கவில்லை.

அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். ஓட்டின்மேல் மழைச் சத்தம்தான். பேட்டரி தீர்ந்திருக்கும். தூங்கியிருப்பார். போய் நின்றால் மறுபடி கோபப்படுவார். மீனைத் திருப்பிப் போட்டாள். மணியை எடுத்து உலுக்கினாள்.

திட்டட்டும் என்று எண்ணெய்ச் சட்டியை இறக்கிவிட்டு, கணுக்கால் தண்ணீரில் முற்றத்தைக் கடந்து ஓடினாள். முன்னறை ஜன்னலைக் காற்று அறைந்து சாத்தியிருந்தது. கதவைத் தள்ளினாள். மழையில் ஊறிப்போன மரம் அசையவில்லை. தோளால் இடித்தாள். இரண்டாவது இடியில் திறந்தது.

இனாயத்துல்லா கட்டிலிலிருந்து பாதி சரிந்து கிடந்தார். வேர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. கையில் அந்தப் பொத்தான். வலித்தால் அமுக்கக் கூடாது என்பதையே மறந்து, கட்டைவிரல் அதை அமுக்கி அமுக்கி வெளுத்திருந்தது.

"அடிச்சிக்கினே... இருக்கேன் நூரு..."

"பேசாதீங்க." தலைமாட்டில் இருந்த நெஞ்சுவலி மாத்திரையை அவர் நாக்குக்கு அடியில் வைத்தாள். தெருவில் இறங்கி ஆபிரகாமைக் கூவி அழைத்தாள்.

ஆபிரகாம் இறால் ஏற்றும் வேனைக் கொண்டுவந்தான். ஐஸ் பெட்டிகளைத் தெருவிலேயே இறக்கிப் போட்டுவிட்டு அவரைத் தூக்கிக் கிடத்தினார்கள். பொன்னேரி ரோட்டில் ஓரிடத்தில் வெள்ளம் சக்கரத்தை மூடியது. "வண்டி நின்னுட்டா இன்னா செய்யறது ஆபிரகாம்?" என்றாள். "நிக்காதுக்கா" என்ற ஆபிரகாமின் குரலிலும் பயம் இருந்தது. அவள் கணவரின் மார்பில் கை வைத்தபடியே இருந்தாள். அது ஏறி இறங்கும் வரை மூச்சுவிட அவளுக்கே பயமாக இருந்தது.

வண்டி நிற்கவில்லை. பொன்னேரி ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா என்னால ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது" என்றார்.

மழை விட்டபின் வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். முன்னறை வாசலில் இனாயத்துல்லா நின்றார். உள்ளே போகவில்லை.

"ஆபிரகாம், அந்தக் கட்டிலை ஒரு கை புடி" என்றார்.

"எங்க போடணும், பாய்?"

அவர் மனைவியைப் பார்க்காமல் சொன்னார். "அவ சொல்ற எடத்துல."

அடுத்த வாரம் ஏஜெண்டுகள் வந்தார்கள். புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுப்படித் தாழ்வாரத்தில் அவர் கட்டிலருகே உட்கார்ந்து விலை பேசினார்கள். நூருன்னிசா அவர்களுக்கு டீ கொடுத்துவிட்டு, அவர் குரல் காதில் விழ, முதுகைத் திருப்பி வைத்துக்கொண்டு வெங்காயம் நறுக்கினாள்.