சலிக்காத மண்

1

இந்தக் கதையை எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த மானங்கெட்ட இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

முதல் தொடக்கம்: வேலணையில் ஒரு சிற்பி இருந்தாள். கடல் அவளுடைய விரல்களில்…

(சீ! கடலையும் விரலையும் விட்டால் எனக்கு வேறொன்றும் வராதா?)

2

நேராகவே சொல்கிறேன். கம்சிகா என் அயல்வீட்டுக்காரி. சுடுமண்ணில் சிற்பம் செய்கிறவள். மண்கும்பான் கரையில் ஒதுங்கும் கடற்பஞ்சு, காளான், முளைவிட்ட கிழங்கு மாதிரியான உருவங்கள். பார்த்தால் மூச்சு விடுகின்றனவோ என்றிருக்கும்.

எங்கள் மண்ணில் சிப்பித்தூள் அதிகம். சலிக்காமல் சுட்டால், சில மாதங்களில் அந்தத் தூள் ஈரம் குடித்து வீங்கி, சிற்பம் செதில் செதிலாக உதிரும். அதனால் மூன்று தரம் சலிப்பாள். ஒரேயொரு தடவை சலிக்கவில்லை.

3

தாய் மீனாம்பிகை இறந்து முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டிக்கு முதல்நாள், கீரிமலைக் கடலில் கரைக்க வைத்திருந்த சாம்பலில் ஒரு பிடியைக் களவாக எடுத்து மண்ணோடு குழைத்தாள். கனடாவிலிருக்கும் தம்பி லவனுக்குச் செத்தவீட்டுக்கு வரக் கிடைக்கவில்லை. சிற்பத்தை அவனுக்கே அனுப்பினாள், உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்லாமல்.

“ஏன் பிள்ளை சலிக்கேல்லை?” என்று கேட்டேன்.

“சலிச்சால் அம்மான்ரை எலும்பெல்லோ அண்ணை அரிதட்டிலை மிஞ்சும்.”

(இங்கே ஒரு தத்துவ வரி இருந்தது. வெட்டிவிட்டேன்.)

4

நேற்று லவன் அழைத்தான். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

“அக்கா, நீ அனுப்பினது உதிருது. மகன் தவழுறான், பொறுக்கி வாயிலை வைக்கிறான். வியாழக்கிழமை குப்பைக்காரர் வருவினம். போடட்டோ?”

“பிறகு சொல்லுறன்” என்று வைத்துவிட்டாள்.

“உண்மையைச் சொல்லுமன்” என்றேன்.

“என்னெண்டு சொல்லுறது? அம்மா முழுசாக் கடலிலை கரைஞ்சு போட்டா எண்ட நிம்மதியிலைதான் அவன் நித்திரை கொள்ளுறான். நீங்களும் எழுதிப்போடாதையுங்கோ.”

“ஓம்” என்றேன். ஐயோ, எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்.

5

முடிவு ஒன்று: அவள் சொல்கிறாள். லவன் அக்காவோடு பேச்சை விடுகிறான்.

முடிவு இரண்டு: அவள் சொல்லவில்லை. வியாழக்கிழமை விடிகிறது. குப்பை லொறி வந்து

(முடியவில்லை. எழுதமாட்டேன்.)

இதழுக்கு அனுப்ப நேரமில்லை, முகநூலில்தான் போடுகிறேன். கம்சிகா இனி என் வாசல் படலையைத் திறக்கமாட்டாள். பெயர்களையெல்லாம் மாற்றிவிட்டேன். சிற்பத்தை மாற்றவில்லை: வெள்ளை நிறம், ஒரு முழ உயரம், கடற்பஞ்சு போல ஓட்டைகள், அடியில் ஒரு பெருவிரல் பதிந்த அடையாளம். வாசிக்கிற உங்கள் வீட்டில் அப்படி ஒன்று உதிர்ந்துகொண்டிருந்தால், தம்பி, இன்று புதன்கிழமை.