துரை அத்தான் கரை தங்கிய மார்கழி

இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்த மனுஷர், மார்கழி பாதி கழிந்தும் நகரவில்லை. வந்தவர் என் மனைவி பாலாம்பாளின் அத்தை பிள்ளை, துரை. கப்பலில் இன்ஜினீயராக ஊர் உலகமெல்லாம் சுற்றி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றால் என்னைப் போல மேற்குத் தாம்பரத்தில் ஒரு மனை வாங்கி, வீடு கட்டி, கொல்லையில் முருங்கை வைத்து உட்கார வேண்டாமோ? அறுபது தாண்டிய வயசில் பாய்மரப் படகு ஒன்று வாங்கி, விசாகப்பட்டினத்திலிருந்து தூத்துக்குடிக்குத் தன்னந்தனியாகப் போகிறாராம். வழியில் மெட்ராஸில் சங்கீத சீசன் என்று ஞாபகம் வந்ததும், முட்டுக்காட்டு உப்பங்கழியில் படகைக் கட்டிவிட்டு, கேளம்பாக்கம் வழியாக பஸ் பிடித்து எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"பாலா, இன்னும் அதே மாதிரிதான் இருக்கே" என்றார்.

பேரன் எடுத்தவளைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? அதே மாதிரி என்றால் எந்த மாதிரி? எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். ஏனென்றால் அவர் பாலாம்பாளின் முறைமாப்பிள்ளை. சின்ன வயசிலேயே பேசி வைத்திருந்தார்கள். பையன் கப்பலுக்குப் போய்விட்டான், வீடு தங்கமாட்டான் என்று பெண்ணைப் பெற்றவர் பயந்து, தந்தி ஆபீஸில் வேலை பார்த்த என்னைப் பிடித்தார். ஊரோடு இருந்ததற்காக எனக்குக் கிடைத்த பெண் அவள்.

வீட்டில் அந்த மனுஷர் பண்ணிய ராஜ்யத்தைக் கேட்க வேண்டுமே. எண்ணெய் உடம்புக்கு ஆகாது என்று எனக்கு வடையை நிறுத்தியவள், அவருக்கு ஒரு நாள் கீரை வடை, ஒரு நாள் தவலை அடை என்று வாணலியை இறக்கவே இல்லை. என்னை அவர் 'ஓய் சாம்பு' என்று கூப்பிட்டார். சாம்பசிவன் என்று எனக்கு முழுசாக ஒரு பெயர் இருக்கிறது. எப்போது கிளம்புகிறீர்கள் என்று நாசூக்காகக் கேட்டால், "வாடைக்காத்து கொஞ்சம் அடங்கட்டும் ஓய், என்ன அவசரம்?" என்பார். அவசரம் எனக்கல்லவா.

ஒரு நாள் படகைப் பார்க்கப் போனோம். சேற்றில் என் செருப்பு ஒன்று மாட்டிக்கொண்டது. நான் குனிந்து அதைப் பிடுங்குவதற்குள், அவர் கையைப் பிடித்துக்கொண்டு இவள் படகில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். உள்ளே ஒரு ஸ்டவ், ஒரு பாய், ஒரு டிரான்சிஸ்டர். அவ்வளவுதான் சம்சாரம். இவள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் வழியாக உப்பங்கழிப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

கச்சேரிக்கும் மூன்று பேராகத்தான் போனோம். வருஷா வருஷம் நானும் அவளும் எலெக்ட்ரிக் ட்ரெயினில் மாம்பலம் போய் இறங்கி, அங்கிருந்து நடந்து சபாவுக்குப் போவது வழக்கம். அங்கே எனக்கு ஒரு பழக்கம். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும், அதாவது பாடகர் வாயை மூடிக்கொண்டு மிருதங்கக்காரருக்கு வழி விட்டதும், எழுந்து கேன்டீனுக்குப் போய்விடுவேன். நான் மட்டுமா, பாதி சபாவே எழுந்துவிடும். பாலாம்பாள் வரமாட்டாள். நாற்காலியைப் பார்த்துக்கொள்கிறேன் என்பாள்.

துரையோடு போன முதல் கச்சேரியிலும் பழக்க தோஷத்தில் எழுந்துவிட்டேன். போண்டாவைக் கடிக்கும்போதுதான், அவர்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் விட்டுவிட்டு வந்தது உறைத்தது. அரை போண்டாவை இலையோடு வீசிவிட்டு ஓடினேன். துரை சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். பாலாம்பாளின் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு தெளிச்சி. கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன பேசினார்கள், எந்தப் பழைய கதையைக் கிளறினார்கள்? நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த கச்சேரிக்குத் தீர்மானத்தோடு போனேன். இடி விழுந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. பாடகர் மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையை அசைத்தார். சபா கலகலத்தது. நான் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எழுந்தது துரை.

"வரீரா ஓய், ஒரு காபி?"

"நான் வரல."

அவர் போய்விட்டார். பாலாம்பாள் என் பக்கம் திரும்பினாள். முகம் விழுந்துவிட்டிருந்தது.

"ஏன்னா, நீங்க போகலையா?"

"ஏன் போகணும்? நான் இங்க இருந்தா உனக்கு என்ன? உங்க அத்தான் எழுந்து போயிட்டாரேன்னு இருக்கா?"

"அவர் போனா போறார். நீங்களும் போங்கோ."

முன் வரிசை மாமா ஒருவர் திரும்பி முறைத்தார். நான் விடவில்லை. காரணம் சொன்னால்தான் போவேன் என்றேன். அவள் கோபப்படவில்லை. மேடையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பாட்டு நடக்கறச்சே இது என்ன ராகம்னு கேப்பேள். டிக்கெட்டை எங்க வெச்சே, மப்ளர் எங்க, ட்ரெயினுக்கு நாழியாயிடுத்தான்னு கேட்டுண்டே இருப்பேள். ஆத்துலயும் அதேதான். நீங்க எழுந்து போற இந்த நேரம்தான் எங்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்காத நேரம். வருஷம் பூரா நான் இதுக்குத்தான் காத்துண்டிருக்கேன். பாட்டுக்குக்கூட இல்லே."

மிருதங்கக்காரர் வாசித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எழுந்தேன். அவள் என்னைத் தடுக்கவில்லை.

கேன்டீனில் துரை இரண்டு காபி வாங்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தார். நான் வருவேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு ஒரு ஆறுதல்கூட இருந்தது. அவள் காத்திருந்தது இந்த மனுஷருக்காக இல்லையே, அதுவரைக்கும் சரி.

"சொல்லிட்டாளா?" என்று அவர் கேட்டார்.

"உமக்கு எப்படித் தெரியும்?"

"எங்கிட்ட மொத நாளே சொல்லிட்டாளே. நீர் அந்தப் பக்கம் எழுந்து போனீர், இவ இந்தப் பக்கம் திரும்பி, அத்தான், நீங்களும் செத்த வெளில இருந்துட்டு வாங்கோ, எனக்குக் கொஞ்சம் தனியா இருக்கணும்னு சொன்னா. நான் வாசல்ல நின்னு வேர்க்கடலை சாப்பிட்டுட்டு, நீர் ஓடி வரதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் வந்து உக்காந்தேன்."

சொல்லிவிட்டு, காபி ஆறுகிறது என்று டம்ளரை என் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அத்தனை வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவனிடம், வாயைப் பிடுங்கிய பிறகுதான் சொன்னாள். அவரிடம் கேட்காமலே சொல்லியிருக்கிறாள். அந்தப் படகில் அவர் அவளை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கே போயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.