ரெண்டு பச்சையும் எரியுதா

மூன்றாவது தடவையும் ஆறு பேர் சேர்ந்து தள்ளிப் பார்த்தார்கள். கார் ஒரு விரற்கடைகூட நகரவில்லை.

"மூச்சைப் பிடிச்சுத் தள்ளுங்கய்யா! ஆம்பளைங்கதானே நீங்க?" என்று கத்தினார் மூத்தவர். அவர் இறந்தவனின் அண்ணன். முப்பது வருஷம் பஸ் செக்கராக இருந்தவர். ஊரையே இறங்கச் சொல்லிப் பழகிய குரல், சாவு வீட்டிலும் இறங்க மாட்டேன் என்றது.

"சக்கரமே சுத்தலைங்க. எங்கேயோ பூட்டிக் கிடக்கு."

ஷெட்டுக்குப் பின்னால் இருந்த தையல் அறையின் நிலைப்படியில் நின்று அவள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் திரைச்சீலைத் துணிகளை ஓரங்கட்டிவிட்டு, வெட்டும் மேசைக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்திருந்தார்கள். பெட்டிக்குள் அவளுடைய கணவன். நேற்று மத்தியானம் இறந்துபோனான்.

காலிப் பெட்டியைப் பக்கத்துச் சந்து வழியாக, நிமிர்த்திப் பிடித்து, இரண்டு திருப்பம் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். ஆள் படுத்தபிறகு அதை நிமிர்த்த முடியாது என்பது அப்போது ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வெளியே போக இன்னொரு வழி ஷெட்டுதான். ஷெட்டை அடைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்து மூக்கை நீட்டியபடி, அந்தக் கார் நின்றது. தாழ்ந்து, அகன்று, இரண்டே பேர் உட்காரும் வண்டி. அதற்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் போகலாம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

தெருவில் அமரர் வண்டி ஒரு மணி நேரமாக நின்றது. மயானத்தில் பதினொரு மணிக்கு நேரம் குறித்திருந்தது. இப்போது பத்தேகால்.

"ஒரு சுத்தியலைக் கொண்டாங்கடா. கண்ணாடியை உடைச்சு உள்ளே கையை விடலாம்" என்றார் மூத்தவர்.

"உடைச்சா?"

குரல் பின்னாலிருந்து வந்ததும் எல்லோரும் திரும்பினார்கள். நேற்றிலிருந்து அவள் வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை.

"உடைச்சா என்ன மாமா ஆகும்? கைபிரேக் கரண்ட்ல வேலை செய்யுது. கரண்டு இல்லாம அது விடாது. கியரும் விடாது. நீங்க கண்ணாடியை உடைச்சா கண்ணாடிதான் உடையும்."

"அப்ப நீயே சொல்லும்மா, என்ன பண்றதுன்னு" என்றார் மூத்தவர்.

என்ன பண்ணுவது என்று அவளுக்கு அட்சரம் பிசகாமல் தெரிந்திருந்தது. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

அவன் லிஃப்ட் மெக்கானிக். வெள்ளத்தில் மூழ்கி, ஆயிரத்தெட்டு பேர் வேண்டாமென்று ஒதுக்கிய வண்டியை இழுத்துவந்து, ஒன்பது வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளை அதற்கு எழுதி வைத்து, ஓட வைத்தவன். ஓட்டியது மொத்தம் நாலு தடவை. மற்ற நாளெல்லாம் வண்டிக்குப் போர்வை, வண்டிக்குத் துடைப்பு, வண்டிக்குச் சார்ஜ். அவள் தைத்துக்கொண்டிருப்பாள். அவன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிக்கொண்டே இருப்பான்.

"இதுல ரெண்டு பேட்டரி, தெரியுமா? முன்னாடி சின்னது. கதவு, அலாரம், பிரேக், கம்ப்யூட்டர் எல்லாம் அதோட பொறுப்பு. பின்னாடி பெருசு, எஞ்சினைக் கிளப்ப மட்டும். அது லித்தியம், இது பழைய ஈயம். ஒண்ணோட சார்ஜரை இன்னொண்ணுக்கு மாட்டினா போச்சு. நிறுத்தி வெச்சாலும் இந்த வண்டி தூங்காது. அலாரம் முழிச்சிருக்கும். கம்ப்யூட்டர் ஒரு கண்ணைத் திறந்தே வெச்சிருக்கும். சொட்டுச் சொட்டாக் குடிச்சுக்கிட்டே இருக்கும். அதனாலதான் ரெண்டுக்கும் ரெண்டு சார்ஜர், எப்பவும் மாட்டியே இருக்கணும்."

"சோறு ஆறுது" என்பாள் அவள். அதற்கு மேல் அவள் பதில் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பன்னிரண்டாம் நாள், ஒரு சின்ன வயசு டாக்டரம்மா கோப்பைப் புரட்டிவிட்டு அவளிடம் கேட்டாள்: "எட்டு மாசத்துக்கு முன்னாடியே கட்டி இருக்குன்னு எழுதிக் கொடுத்திருக்கோமே. ஏம்மா கூட்டிட்டு வரல?"

எட்டு மாசம். கட்டிலுக்குப் போய்க் கேட்டபோது அவன் விட்டத்தைப் பார்த்தான். "உனக்கு எதுக்கு வீணா கவலைன்னு..." என்று இழுத்தான். கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் பேச்சே நடக்காததுபோல, "வீட்ல ரெண்டு பச்சையும் எரியுதா?" என்று கேட்டான். இரண்டு சார்ஜரிலும் எரியும் பச்சை விளக்கைத்தான் கேட்டான்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தாள், செருப்பைக்கூடக் கழற்றாமல் ஷெட்டுக்குள் போனாள், இரண்டு பிளக்கையும் பிடுங்கினாள். மீட்டரை வைத்து வாரம் தவறாமல் வண்டியின் உயிரை அளந்து நோட்டில் எழுதி வைத்த மனுஷன், தன் வயிற்றில் இருந்ததை எட்டு மாசம் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான். சாகட்டும் அந்தச் சனியன் என்று நினைத்தாள். காரைத்தான் நினைத்தாள்.

அதற்குப் பிறகு நாற்பத்தோரு நாள். அவள் தினமும் போனாள். துடைத்துவிட்டாள், கஞ்சி கொடுத்தாள், தானாக ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் தினமும் ஒரே கேள்வியைக் கேட்டான்.

"ரெண்டு பச்சையும் எரியுதா?"

"எரியுது."

"நல்லது."

இவ்வளவுதான் அவர்களுடைய கடைசிப் பேச்சு.

"அம்மா" என்று மகள் அருகில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள். அழுது அழுது அவளுக்கு முகம் வீங்கியிருந்தது. "பிளக்கு ரெண்டும் கீழே கிடக்கும்மா. அப்பாதான் பிடுங்கவே கூடாதுன்னு..."

"தெரியும். சாவியைக் கொண்டா."

மகள் அவளையே பார்த்தாள். பிறகு போய் எடுத்துவந்தாள்.

அவள் புடவை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ரிமோட் சாவியின் பக்கவாட்டில் நகத்தால் நெம்பினாள். உள்ளேயிருந்து ஒரு சின்ன இரும்புச் சாவி வந்தது. கதவுக் கைப்பிடிக்கு அடியில் இருந்த மூடியைத் தட்டித் துளையில் விட்டுத் திருப்பினாள். கதவு திறந்தது. கூட்டம் லேசாகச் சலசலத்தது.

"பெட்டியை வெளியே எடுக்க இன்னும் எவ்வளவு நேரம்மா?" என்றார் மூத்தவர்.

"நீங்க பேசுற நேரத்துக்குத் தகுந்த மாதிரி."

சின்ன பேட்டரிக்கு மேலிருந்த முன் மூடியும் கரண்டில்தான் திறக்கும். அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. வலது முன்சக்கரத்து வளைவுக்குள், உறைக்குப் பின்னால், ஒரு கம்பி வளையம். அவள் ஷெட்டுத் தரையில் மல்லாந்து படுத்தாள். சிமெண்டு சில்லென்று முதுகில் ஏறியது.

"வெளிச்சம் காட்டுங்க யாராச்சும்."

கைபேசி வெளிச்சத்தோடு குனிந்தவன் ஒட்டடை. கணவனோடு இருபது வருஷம் லிஃப்ட் வேலை பார்த்தவன். ஒட்டடைக்குச்சி மாதிரி வளர்ந்திருந்ததால் வந்த பேர், அவன் வீட்டிலேயே அவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"நான் பண்ணட்டுமா அண்ணி?"

"வெளிச்சத்தை மட்டும் காட்டு."

விரல்கள் உறையைப் பிரித்துக்கொண்டு உள்ளே போயின. சேறும் கிரீஸும். வளையம் தட்டுப்படவில்லை. ஒட்டடை தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். இப்ப சொல்லலாமான்னு தெரியல."

"சொல்லித் தொலை."

"அவருக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"பிளக்கு பிடுங்கிக் கிடந்தது. டூல் பெட்டி எடுக்க வந்தப்ப பாத்தேன். நீங்க கடைக்குப் போயிருந்தீங்க. ஆஸ்பத்திரிக்குப் போய் அவர்கிட்ட சொன்னேன். திரும்ப மாட்டிடவான்னு கேட்டேன். வேணாம்னாரு."

அவளுடைய கை சக்கர வளைவுக்குள்ளேயே நின்றுவிட்டது.

"எப்போ?"

"ஒரு மாசம் இருக்கும். 'விடுடா, அவ கோபம் அது. அவ கையாலதான் மாட்டணும்'னாரு. 'நான் தினம் கேக்குறேன், அவ எரியுதுங்கறா. வேற எதுக்கும் வாயைத் திறக்க மாட்டேங்கறா. அதையும் கெடுத்துடாதே'ன்னாரு."

அவள் காருக்கு அடியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். குரல் தாழ்ந்திருந்தாலும் ஒட்டடை ஒரு அடி பின்வாங்கினான்.

"அப்ப நான் தினமும் அவர் முகத்துக்கு நேரா பொய் சொன்னேன். அவர் படுத்துக்கிட்டுக் கேட்டு ரசிச்சிருக்காரு. ஒரு வார்த்தை. 'ஏன்டி பொய் சொல்றே'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்ல? எட்டு மாசத்தைப் பத்திக் கேட்டிருப்பேன்ல? அதையும் மறைச்சாரு, இதையும் மறைச்சாரு. நோயும் அவருக்கே, மன்னிப்பும் அவருக்கே. எனக்கு என்னடா வெச்சுட்டுப் போனாரு?"

"அண்ணி..."

"வெளிச்சத்தைக் கிட்டக் காட்டு."

வளையம் விரலில் மாட்டியது. அவள் அதைத் தன் பலம் கொண்ட மட்டும் இழுத்தாள். மேலே மூடி டக்கென்று எழும்பியது.

அமரர் வண்டி ஓட்டுநரைக் கூப்பிட்டு, அவன் வண்டி பேட்டரியிலிருந்து காருக்குக் கரண்டு எடுக்க வேண்டும் என்றாள். அவன் தயங்கினான்.

"எங்க வண்டி பேட்டரியில கம்பி மாட்ட விட மாட்டாங்கம்மா."

"நீ கூட்டிட்டுப் போக வந்த ஆளு உள்ளே இருக்காரு. நீ கரண்டு கொடுக்கலைன்னா அவரு இன்னிக்கு வரமாட்டாரு. உன் முதலாளிக்குப் போன் போட்டு அதைச் சொல்லு."

ஓட்டுநர் போன் போடவில்லை. வண்டியை மூக்குக்கு மூக்கு இடிக்கிறாற்போல் கொண்டுவந்து நிறுத்தினான். அவள் ஷெட்டுச் சுவரில் ஆணியில் தொங்கிய ஜம்பர் கம்பிகளை எடுத்தாள். முதலில் சிவப்பு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். பிறகு கறுப்பு. ஓட்டுநர் அதைப் பேட்டரி முனையில் வைக்கப் போனான். "அங்கே வைக்காதே. பெயிண்டு இல்லாத இரும்புல வை" என்றாள். சொல்லும்போதே அது தன் குரல் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த எரிச்சலில் கவ்வியைப் பிடுங்கித் தானே மாட்டினாள்.

மாட்டியதுதான் தாமதம், வண்டி ஊளையிட ஆரம்பித்தது. அலாரம். நாலு விளக்கும் விட்டுவிட்டு எரிந்தன. பின்னறையில் அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். தெருவில் நாய்கள் பதில் சொல்லின.

"சாவு வீட்ல என்னம்மா இது கேவலம்! நிறுத்தும்மா!" மூத்தவர் காதைப் பொத்திக்கொண்டார்.

அவளுக்கு அதை நிறுத்த மனசு வரவில்லை. அந்தச் சத்தம் அவளுக்குத் தோதாக இருந்தது. நேற்றிலிருந்து தொண்டையில் நின்றதை வேறு யாரோ எடுத்துக்கொண்டு கத்துவதுபோல இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். மகள்தான் தோளைத் தொட்டாள்.

"போதும்மா."

சாவியிலிருந்த பொத்தானை அழுத்தினாள். ஊளை நின்றது.

ஓட்டும் இருக்கையில் அவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்ததும் தரையிலேயே உட்கார்ந்த மாதிரி இருந்தது. அவன் நெடுங்காலன். இருக்கை பின்னால் தள்ளிக் கிடந்தது, அவளுக்குக் கால் எட்டவில்லை. இருக்கையை எப்படி முன்னால் கொண்டுவருவது என்று மட்டும் அவன் சொன்னதே இல்லை. நுனிக்கு நகர்ந்து, ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தாற்போல் உட்கார்ந்து, சாவியைத் திருப்பினாள். மிதியை அமுக்கிக் கியரை நடுவுக்குத் தள்ளினாள். கைபிரேக்கின் சிறிய விசையைத் தட்டினாள். பின்சக்கரங்களிலிருந்து முனகல் மாதிரி ஒரு ஒலி வந்து அடங்கியது.

"கம்பியைக் கழட்டுங்க. கறுப்பு முதல்ல. அந்த வண்டி நகரட்டும். நான் சொன்னப்புறம் தள்ளுங்க."

தள்ளினார்கள். கார் வெண்ணெயில் வழுக்குகிறாற்போல் ஷெட்டை விட்டு வெளியே வந்தது. அவள் ஸ்டியரிங்கை மொத்த உடம்பாலும் வளைத்துத் தெருவோரமாகத் திருப்பினாள். தெரு கொஞ்சம் சரிவு. எஞ்சின் ஓடாததால் பிரேக் கல் மாதிரி இருந்தது. முதுகை அழுத்தச் சாய்மானம் இல்லாமல், ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, வலது காலை நீட்டி மிதித்தாள். கார் நின்றது.

"இறங்கி வாம்மா, எடுக்கப் போறாங்க" என்றார் மூத்தவர். அவர் குரல் முதல் தடவையாக இறங்கியிருந்தது.

"கம்பியைக் கழட்டியாச்சு, கைபிரேக் இனி பிடிக்காது. காலை எடுத்தா உருளும்."

அமரர் வண்டி காரைத் தாண்டித் தெருவில் நின்றது. பிறகு பெட்டி வந்தது. முன்னால் ஒட்டடை, தன் உயரத்துக்கு முழங்காலை மடக்கிக்கொண்டு. பெட்டி காரை ஒட்டி, அவள் முகத்துக்கு நேராக, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு கை தூரத்தில் போனது. தூக்கியவர்களின் இடுப்பும் பெட்டியின் அடிப்பலகையும்தான் அவளுக்குத் தெரிந்தன. அவள் தலையைத் திருப்பாமல் மிதித்துக்கொண்டிருந்தாள்.

மகள் எங்கிருந்தோ இரண்டு செங்கல்லைத் தூக்கிவந்தாள். குனிந்து முன்சக்கரங்களுக்கு அடியில் ஒவ்வொன்றாக முட்டுக் கொடுத்தாள். நிமிர்ந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"அம்மா, கல்லு வெச்சாச்சு. இனிமே உருளாது. காலை எடு."

அமரர் வண்டியின் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"அம்மா, காலை எடும்மா."

அவள் இன்னும் அழுத்தி மிதித்தாள்.