நாற்பத்தோரு சதவீதம்

சனிக்கிழமை காலை லொரெட்டாவின் சாப்பாட்டுக்கடையில் ஊரே கூடி, முந்தைய நாள் தோற்ற, கையால் பந்தெறிந்து ஆடும் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்தை மறுபடியும் தோற்றுக்கொண்டிருந்தது. நெப்ராஸ்காவின் அந்தச் சோளக்காட்டு ஊரில் வெள்ளிக்கிழமை செத்தவனுக்குக்கூட ஆட்டம் முடிந்துதான் அழுவார்கள்.

"நாப்பத்தோரு சதவீதம்!" முட்டைப் பொரியலுக்கு மேலே முழங்கினார் வெண்டல். இன்சூரன்ஸ் விற்று ஓய்ந்தவர். புள்ளிவிவரம் இல்லாமல் தும்மக்கூட மாட்டார். "டால்டன் நூறு எறிஞ்சா நாப்பத்தொண்ணுதான் நம்மாளு கைக்குப் போகுது. அவனை உக்கார வெச்சுட்டு டானரை எறியவிடுங்க, கோச். அவனுக்கு எண்பது!"

கோச் கிரேடி சரியென்று தலையை ஆட்டினார். லொரெட்டா காபிக் கெண்டியை மேசையில் டக்கென்று வைத்தாள். தாயில்லாத டால்டனை வளர்த்த பெரியம்மா அவள். பந்து எறியும் இடம் பறிபோனால் பையன் சோறு தண்ணீர் இறங்காமல் கிடப்பான்.

"டானர் பக்கத்துல நிக்கிறவனுக்கு உப்பு டப்பாவை நீட்டுறான், அதுக்கு எண்பதா? எங்க புள்ள மைதானத்தோட அந்தக் கோடிக்கு எறியுறான். அங்க பிடிக்க நிக்கிறது யாரு?"

கோச்சின் சீமந்த புத்திரன் க்ளின்ட், அப்பத்திலிருந்து தலையைத் தூக்கினான். "வெயில் கண்ணுல அடிச்சுது, அத்தை."

"ராத்திரி ஆட்டத்துல ஏதுடா வெயிலு?"

"எண்ணு பொய் சொல்லாது, லொரெட்டா," என்றார் வெண்டல்.

"இவன் நழுவவிட்டதையும் எறிஞ்சவன் தலையிலதானய்யா எழுதுறீங்க! க்ளின்ட், பிடிடா!"

கூடையிலிருந்து ஒரு பன் பறந்தது. க்ளின்ட்டின் இரண்டு கைக்கும் நடுவில் புகுந்து, மூக்கில் மோதி, வெண்டலின் காபியில் குதித்தது. அடுத்தது நெஞ்சில் பட்டு, பக்கத்து மேசைப் பாதிரியார் கழற்றிவைத்த தொப்பிக்குள் விழுந்தது.

"எழுதிக்குங்க, வெண்டல்! லொரெட்டா எறிஞ்சது ரெண்டு, சதவீதம் பூஜ்யம். அதுல ஒண்ணை எதிராளி பிடிச்சுட்டான், காபிக் கோப்பையில!"

கடை குலுங்கியது. கோச் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னும் ஒண்ணு," என்றார். "இவன் பிடிச்சா டானர் எறியட்டும். விட்டான்னா டால்டன்தான். இவன் பெஞ்சுல உக்காரட்டும்."

க்ளின்ட் பிறந்ததிலிருந்து முதல் தடவையாகக் கையைத் துடைத்துக்கொண்டான்.

கொஞ்சம் கோணலாக எறிந்தால் போதும், டால்டன் தப்பிவிடுவான். லொரெட்டாவின் கை ஒரு கணம் தயங்கியது. பிறகு கூடையிலேயே மெத்தென்ற பன்னாகப் பொறுக்கி, டால்டன் எறிகிற மாதிரியே, க்ளின்ட்டின் நெஞ்சுக்கு நேராக விட்டாள்.

மின்விசிறிக்கு அடியில் அது சுழன்றுகொண்டே போனது. பாதிரியார் தொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டார். வெண்டல்கூட இரண்டு உள்ளங்கைகளாலும் தன் கோப்பையைப் பொத்தினார்.