நாற்பது கடைக்கும் விடுமுறை

"என்னம்மா, என் கடைய மூடிட்டியாமே?"

தொலைபேசியில் சைக்கிள் கடைக்காரர். அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை.

"நான் எதுக்குங்க மூடப்போறேன்?"

"இணையதளத்துல 'இன்று விடுமுறை'ன்னு போட்டிருக்கே! நான் இங்க உட்கார்ந்து பஞ்சர் ஒட்டிக்கிட்டிருக்கேன்."

எதிர் மேசையில் இருந்த நாத்தனார் பேக்கரியின் தளத்தைத் திறந்தாள். மூக்குக் கண்ணாடிக் கடையைத் திறந்தாள். எல்லாவற்றிலும் அதே அறிவிப்பு.

நாற்பது பேரின் தளங்களைப் பராமரிப்பதுதான் இருவருக்கும் பிழைப்பு. போன மாதம்தான் எல்லாவற்றையும் ஒரே மென்பொருளின் கீழ் கொண்டுவந்திருந்தார்கள். ஆளுக்கொரு முகவரி, ஆளுக்கொரு கோப்புறை. அடியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கோப்புறை; அதில் போட்டது நாற்பது தளத்திலும் தெரியும். பல் மருத்துவர் கேட்ட விடுமுறை அறிவிப்பை, காலை அவசரத்தில் அந்தப் பொதுக் கோப்புறையில் போட்டுவிட்டாள் அண்ணி.

அந்த ஒரு வரியை எடுத்து மருத்துவரின் கோப்புறைக்கு மாற்றினாள். மற்ற கடைகளெல்லாம் ஒரே நொடியில் திறந்துகொண்டன.

"ஒரு மணி நேரம்தானே அண்ணி, கமுக்கமா விட்டுடலாம்."

"ஒண்ணா இருந்தா நல்லதுன்னு வாயடிச்சு சேர்த்ததே நான்தான். மறைச்சது தெரிஞ்சா ஒருத்தர் நிக்க மாட்டாங்க."

"சொன்னா மட்டும் நிப்பாங்களாக்கும்!"

அண்ணி நாற்பது பேருக்கும் எழுதினாள்: தவறு என்னுடையது; பிரிந்துபோக நினைத்தால் நானே பிரித்துத் தருகிறேன்.

மதியத்துக்குள் முதல் பதில் வந்தது. மூக்குக் கண்ணாடிக்காரர் பிரித்துவிடச் சொன்னார். பேக்கரியம்மா, 'போன் அடிக்காம நிம்மதியா காலை நீட்டினேன், அப்பப்போ மூடும்மா' என்று எழுதியிருந்தார். 'பரவாயில்லை' என்ற பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. சைக்கிள் கடைக்காரர் மட்டும் கிரீஸ் கையோடு நேரிலேயே வந்து நின்றார்.

"உங்களுக்கும் பிரிக்கணுமாங்க?"

"அட, நீ வேற! ரிப்பேர் பண்ண சைக்கிள நான் ஒரு சுத்து ஓட்டிப் பார்க்காம குடுக்கமாட்டேன். ஓட்டிப் பார்க்க உனக்கு ஒரு கடை வேணாமா? இனிமே எதுவானாலும் முதல்ல என் கடையில போட்டுப் பாரு."

"உங்க வியாபாரம் கெட்டுப்போனா?"

"தளத்தைப் பார்த்தா வர்றாங்க? டயர்ல காத்து இறங்குனா வர்றாங்க."

அண்ணி நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"முப்பத்தொன்பது பேர் நிக்கறாங்க அண்ணி," என்றாள் நாத்தனார்.

"இவரையும் சேர்த்தா?"

"இவர்லேர்ந்துதான் எண்ணவே ஆரம்பிச்சேன்."